கழற்று கூரை: கேமரன் மலை லேண்ட் ரோவரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கூரை கழன்ற பின்னும் வண்டி முழுமையாக நிற்கிறதா? கடினக் கூரை லேண்ட் ரோவரைத் திறந்த வண்டியாக மாற்றும் எந்த வேலையையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது, காற்று தாராளமாக வருகிறது என்பவை விருப்பக் குறிப்புகள். அவற்றைக் கொண்டு ஒரு வேலையின் தரத்தை நிறுவ முடியாது. மலேசியாவின் கேமரன் மலையில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை, ஹாபு, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களிலும் பழைய சீரிஸ் வண்டிகள் முதல் டிஃபெண்டர் வரை இன்றும் உழைக்கின்றன. சேகரிப்பாளரின் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை, செம்மண் சரிவில் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறங்கும் வண்டிக்குப் பொறுக்கத் தக்கதல்ல.

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது மீட்சி: கழற்றிய கூரை அதே துளைகளில், புதிய கசிவு எதுவும் இன்றித் திரும்ப அமர வேண்டும். இரண்டாவது கட்டுறுதி: கூரை சுமந்திருந்த பொறுப்புகளை வேறோர் உறுப்பு ஏற்றிருக்க வேண்டும். மூன்றாவது காப்பு: மழையையும் குளிரையும் தாங்க மாற்று ஏற்பாடு வேண்டும். நான்காவது பொருத்தம்: வண்டி அன்றாடம் செய்யும் வேலைக்கு மாற்றம் துணைசெய்ய வேண்டும். இவற்றில் ஒன்றின் மிகுதி இன்னொன்றின் குறையை ஈடுசெய்யாது. துணிக்கூரையின் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், சீட் பெல்ட்டின் மேல்முனைக்கு இடமில்லாத வண்டி தேர்ச்சி பெறாது.

முதல் அளவுகோலில் பழைய லேண்ட் ரோவருக்கு இயல்பான சாதகம் இருக்கிறது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி துணிக்கூரை போட்ட திறந்த வண்டிதான். கடினக் கூரை பின்னால் வந்து சேர்ந்தது. போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டில் பிறந்த அந்த அமைப்பில் பாரம் சுமப்பது பெட்டி வடிவ எஃகுச் சேஸி. அலுமினியத் தகடுகள் அதன் மேல் தனித்தனி உறுப்புகளாகப் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். கூரைத் தகடு முன்கண்ணாடிச் சட்டத்தோடும் பக்கத் தகடுகளோடும் இணைகிறது. பக்கத் தகடுகள் பின்தொட்டியின் விளிம்பில் அமர்கின்றன. 1985 வரை வந்த சீரிஸ் வண்டிகளும், 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் உற்பத்தி நின்ற டிஃபெண்டரும் இந்த அடிப்படையை விட்டு விலகவில்லை. ஆகவே அவற்றின் கூரையைக் கழற்றுவது வடிவமைப்பாளர் திறந்தே வைத்த வழியில் நடப்பது. மாற்றத்துக்கும் மூலத்துக்கும் இடையே முரண் இல்லை.

2020-இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டரிலோ கடினக் கூரைப் பஜேரோவிலோ இன்றைய ஜிம்னியிலோ இந்த இயைபு கிடையாது. புதிய டிஃபெண்டரில் தனிச் சேஸியே இல்லை. தளம், தூண், கூரை எல்லாம் ஒரே கூடாகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜிம்னிக்குத் தனிச் சேஸி உண்டு என்றாலும் கூரை உடலோடு பற்றவைக்கப்பட்டது. கிரைண்டரால் அறுத்தால் கதவுச் சட்டம் தன் சதுரத்தை இழக்கும், கதவு சரியாக மூடாது, கவிழும்போது தூண்கள் தனித்து நிற்கும். அறுத்த இடத்தில் இரும்புக் குழாயைப் பற்றவைத்து ஈடுகட்டும் பட்டறைகளில் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறனை மறுக்க முடியாது. ஆனால் கணக்கிட்டுச் சோதித்த ஒரு கட்டமைப்பை அழித்துவிட்டு, கணக்கிடாத ஒன்றை அந்த இடத்தில் வைப்பது முறையாகாது. மீட்சியும் இல்லை, கட்டுறுதிக்குச் சான்றும் இல்லை. அறுக்கும் வழியை இந்த மதிப்பீடு இங்கேயே விலக்கிவிடுகிறது.

போல்ட் வழியிலும் செய்ந்நேர்த்தி வேண்டும். அலுமினியத் தகடும் எஃகுப் போல்ட்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். முதலில் கரைவது அலுமினியம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழையும் அடிக்கடி மூடுபனியும் உள்ள மலையில் இந்த அரிப்புக்கு ஓய்வே கிடையாது. பல்லாண்டு அசையாதிருந்த போல்ட்டை அவசரமாகத் திருகினால் தலை முறியும், துளை கிழியும். நல்ல பட்டறையின் அடையாளம் இங்கேதான் தெரியும். துரு இளக்கும் எண்ணெயிட்டுப் பொறுத்திருப்பது, முறிந்ததைத் துளையிட்டு எடுப்பது, திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத போல்ட்டும் இரு உலோகத்தையும் பிரிக்கும் வாஷரும் இடுவது, ரப்பர் பட்டைகளைப் புதிதாக மாற்றுவது ஆகிய நான்கும் நிகழ்ந்திருந்தால் அந்தக் கூரை நாளை மீண்டும் ஏறும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் கழற்று கூரை என்பது பெயரளவில் மட்டுமே நிற்கும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் கூரை அமரும் கோடு, புதிதாக வந்த வண்டியிலேயே கசிவுக்குப் பேர்போனது. அரைகுறையாகத் திரும்பப் பூட்டியதில் சொல்லவே வேண்டாம்.

இனிக் கட்டுறுதி. சேஸி பாரம் சுமக்கிறது என்பதால் கூரைக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டுவது, இந்த மாற்றத்தை ஆதரிப்போர் வழக்கமாகச் செய்யும் பிழை. முன்கண்ணாடிச் சட்டம் கீழே இரண்டு கீல்களில் நிற்கிறது. அதன் மேல்முனையை அசையாமல் பிடித்திருப்பது கூரை. கதவின் மேல்பாதி வந்து பதியும் விளிம்பும் கூரையைச் சார்ந்ததே. ஆலையிலிருந்தே துணிக்கூரையோடு வந்த வண்டிகளில் இந்த இரு பணிகளையும் வளைகம்பிகளும், முன்கண்ணாடியிலிருந்து பின்னோக்கி ஓடும் பக்கச் சட்டங்களும் ஏற்றுக்கொள்கின்றன. கூரையைக் கழற்றிவிட்டு வளைகம்பித் தொகுதியைப் பூட்டாமல் ஓட்டுவதற்குத் திறந்த வண்டி என்று பெயர் சூட்டலாம். உண்மையில் அது பாதியில் கைவிட்ட வேலை. பின்கதவு இன்னொரு சோதனை. உயரமான ஒற்றைக் கதவு உள்ள வண்டியில் அதைத் தாங்கிய சட்டம் கூரையோடு போய்விடும். கீழ்நோக்கி மடங்கும் சங்கிலிப் பலகையும் அதற்குரிய கீல்களும் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத திட்டம் நடுவழியில் நின்றுபோகும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடுமையாகப் பார்க்க வேண்டியது சீட் பெல்ட். கடினக் கூரை டிஃபெண்டரில் தோள் பட்டையின் மேல்முனை இருக்கைக்குப் பின்னுள்ள மேற்பக்க அமைப்பைச் சார்ந்திருக்கிறது. அந்த அமைப்பை எடுத்தால் பெல்ட்டும் போகிறது. மலேசியாவில் முன்னிருக்கைப் பெல்ட் 1979 முதலும் பின்னிருக்கைப் பெல்ட் 2009 முதலும் சட்டமாகியிருக்கின்றன. அதைவிடப் பெரிய நியாயம் நிலத்தில் இருக்கிறது. சுங்கை பாலாஸ் வழியாக 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் சிகரத்துக்கு ஏறும் பாதையின் குறுகலையும் வளைவையும் அறிந்தவர், கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஒதுக்க மாட்டார். மெல்லிய அலுமினியக் கூரை கவிழ்வைத் தாங்கும் கூண்டு அன்று. துணியும் வளைகம்பியும் அதைவிடக் குறைவு. எனவே சேஸியோடு பிணைந்த ரோல் பாரும், அதில் பெல்ட்டுக்கு முறையான பிடிமானமும் இந்த மாற்றத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பதை ஏற்க இயலாது.

காப்பை முதலில் வைக்கும் இந்த அணுகுமுறை சரி என்பதற்கு மகிந்திரா நிறுவனத்தின் தார் வண்டி நல்ல சான்று. வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் கையாண்ட மரபில் வந்த நிறுவனம் 2020-இல் வெளியிட்ட தாரைக் கடினக் கூரையோடும் திறக்கும் துணிக்கூரையோடும் கொடுத்தது. வலிமையைக் கூரைக்குக் கீழே இருக்கும் ரோல் கேஜில் வைத்தது. அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அந்த வண்டி நான்கு நட்சத்திரம் பெற்றது. கூரை மாறினாலும் காப்பு மாறாதபடி முதலில் கூண்டையும் பிறகு கூரையையும் சிந்தித்த வடிவமைப்பு அது. பழைய வண்டியில் பட்டறை செய்ய வேண்டியதும் அதே வரிசை.

மழைக்காப்பில் மதிப்பெண் சரிகிறது. பருத்திக் கித்தான் நனைந்தால் இழை பருத்துத் தையல் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும், உள்ளே மூச்சுவிட இடம் தரும். ஆனால் உலர நேரமில்லாத மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பிவிசி துணி நீரை உறுதியாகத் தடுக்கும். ஆனால் உள்ளே மூச்சுக்காற்று நீராகப் படியும், மடிப்பில் நாளடைவில் வெடிக்கும். இரண்டிலும் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கும், பூட்டு என்ற பாதுகாப்பு இராது. கடினக் கூரைக்கு இந்தக் குறைகள் இல்லை. வெயிலை மட்டுப்படுத்த அதன் மேல் காற்று இடைவெளி விட்டுப் பூட்டும் இரட்டைத் தகடு சமவெளிக்குப் பெரும் உதவி. 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் அதற்கு அவசியம் குறைவு. வெப்பத்துக்காகக் கூரையைக் கழற்றுகிறோம் என்ற வாதம் சமவெளியிலுள்ள தாப்பாவில் செல்லும். மேலே ஏறியதும் வலுவிழந்துவிடும். எடை குறைந்து வண்டி நிலைபெறும் என்பதும் பாதி உண்மையே. அலுமினியக் கூரை லேசானது. அதன் மேல் கேரியரில் ஏற்றும் மூட்டையே ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. மூட்டையை இறக்கினால் போதும், கூரையை இறக்க வேண்டியதில்லை.

பொருத்தம் என்ற அளவுகோல் வண்டிக்கு வண்டி வேறு விடை தரும். பயணிகளைத் தேயிலைச் சரிவுக்கு அழைத்துச் செல்லும் வண்டிக்குத் திறந்த கூரை மெய்யான பலன் தருகிறது. 1929-இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்தின் பச்சை விரிவை நான்கு பக்கமும் காண்பதற்கே மக்கள் வருகிறார்கள்; ஆனால் பின்னால் அமர்பவர்கள் முன்னோக்கிய இருக்கையில், பெல்ட்டோடு அமரும் வண்டிக்கே அந்தப் பலனைக் கோரும் தகுதி உண்டு. கோஸும் தக்காளியும் ஏற்றும் வண்டிக்கோ கொழுந்துச் சாக்கு ஏற்றும் வண்டிக்கோ ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள கூரையைக் கழற்றுவதால் ஒரு பயனும் இல்லை. அவற்றுக்கு உரிய விடை பிக்கப் கூரை: முன்னே இருவருக்குக் கடினக் கூரை, பின்னே திறந்த தொட்டி, தேவைப்படும்போது வளைகம்பியும் தார்ப்பாயும். இந்த மலையின் காய்கறி வண்டிகள் பல காலமாக இந்த வடிவில்தான் ஓடுகின்றன. பெல்ட்டுக்குப் பிடிமானம், மழைக்கு மறைப்பு, சரக்குக்குத் திறப்பு என மூன்றையும் ஒருசேரத் தரும் இதைத் திறந்த வண்டி மோகம் கவனிக்கத் தவறுகிறது. உழைக்கும் விவசாயிகளின் தேர்வு இங்கே மாற்றியமைப்போரின் ரசனையை விடத் தெளிவாக இருக்கிறது.

உடலமைப்பு மாறிய வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பரிசோதனையும் இல்லாமல் ஓட்டுவது பொறுப்பின்மை. வாகனப் பதிவுச் சான்றான கிராண்டில் உள்ள விவரமும் கண்முன் நிற்கும் வண்டியும் வேறுபட்டால் காப்புறுதிக் கோரிக்கை சிக்கலாகும். அதன் சுமை விபத்தில் சிக்கியவர் குடும்பத்தின் மேல் விழும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிதானே என்பது விடையாகாது. தோட்டத் தொழிலாளியின் உயிருக்கும் பெருஞ்சாலைப் பயணியின் உயிருக்கும் வெவ்வேறு அளவுகோல் வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

தீர்ப்பு இது. சீரிஸ், பழைய டிஃபெண்டர் ஆகியவற்றில் போல்ட் வழியிலான மாற்றம் வடிவமைப்போடு முரண்படாதது, மீளக்கூடியது, மதிக்கத் தக்கது. வளைகம்பியும் ரோல் பாரும் பெல்ட் பிடிமானமும் ஒப்புதலும் சேர்ந்திருந்தால், பயணி வண்டிக்கு அது தேர்ச்சி பெறுகிறது; அப்போதும் கழற்றிய கடினக் கூரை கொட்டகையில் பத்திரமாக இருக்க வேண்டும், அக்டோபர், நவம்பர் மழைக்கு முன் திரும்ப ஏற வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. தோட்ட வேலைக்குப் பிக்கப் கூரையே மேலானது. முழுத் திறப்பு அங்கே இழப்பு. பற்றவைத்த கூரையை அறுக்கும் வேலை எந்த வண்டியிலும், எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும், ஏற்கத் தக்கதல்ல.