எதிராளியின் ஆட்டம்

வாரந்தோறும் இந்தப் பத்தியில் ஆட்டக்காரர்களின் திறமையை எடைபோடும்போது, வெற்றி பெற்றவனைப் பற்றி அதிகம் எழுதுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அவன் பெருமையைப் பரிசுக் கோப்பையே பேசிவிடும் என்பதாலும், தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பின்னும் கடைசி நிமிஷம் வரையில் ஆட்டத்தின் சுவை குன்றாதபடி எதிர்த்து நின்றவனைப் பற்றி எழுத வேறு யாரும் முன்வரமாட்டார்கள் என்பதாலும், என் கவனம் பெரும்பாலும் அந்த எதிராளியின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அந்த நியாயத்தைக் கொண்டே இந்த வாரம் மைதானத்தை விட்டு வெள்ளித்திரைக்குப் போகிறேன். 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்து தமிழ்நாட்டையே திரையரங்குகளின் முன் வரிசையில் நிற்கவைத்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தில், பைரவன் என்னும் துஷ்ட விஞ்ஞானியாக எஸ். ஏ. அசோகன் ஆடிய ஆட்டத்தை, ஒரு விளையாட்டு வீரனின் ஆட்டத்தை அலசுவதுபோலவே அலசிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய உத்தேசம்.

எம்.ஜி.ஆர். நடித்த படத்தில் ஜெயிக்கப்போவது யார் என்பதில் எந்த ரசிகனுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படியானால் மறுபடியும் மறுபடியும் டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் எதைப் பார்க்கப் போனார்கள்? இந்தக் கேள்வியை ஆலங்குளத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அண்டையிலுள்ள சிமெண்ட் ஆலை ஆலங்குளம்) வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். “என்ன தம்பி, எம்ஜியாரு ஜெயிச்சிருவாருன்னு டிக்கெட்டு வாங்குறப்பவே தெரியும்லா? அசோகன் எப்படித் தோக்கான்னு பாக்கத்தான் ரெண்டாம் ஆட்டத்துக்கும் போனோம்” என்றார். “அப்போ அசோகன் நடிப்பு பிடிக்குமோ அண்ணாச்சி?” என்றதற்கு, “பிடிக்குமாவது! அவனை அடிக்கணும்னு கை பரபரக்கும். அதுக்கு மேல என்ன வேணும்?” என்று பதில் வந்தது. என்னுடைய அலசல் முழுவதும் அந்தப் பதிலுக்கு எழுதிய விரிவுரை என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

சித்தம் பிறழ்ந்த விஞ்ஞானி என்னும் பாத்திரம் நம்முடைய சிருஷ்டி அல்ல. மேல்நாட்டுக் கதைகளிலிருந்து சினிமா உலகம் முழுவதும் பரவியது. மெக்ஸிகோ தேசத்தில் பேசும்படம் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1935-ல், ஹுவான் புஸ்தீயோ ஓரோ என்ற டைரக்டர் ‘வெளிறிய முகத்தின் மர்மம்’ என்னும் பொருள் தரும் தலைப்பில் ஒரு பயங்கரப் படத்தை எடுத்தார். தொழுநோய் போன்ற ஒரு கொடிய வியாதிக்கு மருந்து தேடிப் பெற்ற மகனையே காட்டுக்கு அழைத்துப் போகிற டாக்டர் போர்த்தி என்பவரின் கதை அது. அந்த டாக்டராக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் சாமானியர் அல்லர். 1931-ல் ஹாலிவுட்டில் பகலெல்லாம் ஆங்கில ‘டிராகுலா’ எடுக்கப்பட்ட அதே அரங்குகளில் இராப் பொழுதுகளில் எடுக்கப்பட்ட ஸ்பானிய மொழி ‘டிராகுலா’வில் பிரபுவாக நடித்தவர் அவர். டாக்டர் போர்த்திக்குப் பணத்தாசை கிடையாது. பதவி ஆசையும் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே தாகம் அவரை மகனின் வாழ்வையே பணயம் வைக்கச் செய்கிறது. அறிவுத் தாகமே பாபமாகிவிடும் அந்த இடத்தில்தான் மேல்நாட்டுப் பைத்தியக்கார விஞ்ஞானி பிறக்கிறான்.

அந்த நடிகர்களுக்குக் கருவிகளின் உதவியும் தாராளமாகக் கிடைத்தது. டாக்டர் ஜெகில், ஹைடு என்னும் இரட்டைப் பிறவியாக பிரடெரிக் மார்ச் நடித்த 1931-ஆம் ஆண்டுப் படத்தில், சாந்தமான முகம் நம் கண்ணெதிரே அரக்க முகமாக மாறுவதற்கு, வர்ணப் பூச்சும் காமிராவின் முன் மாற்றி மாற்றி வைத்த வர்ணக் கண்ணாடிகளுமே காரணம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் ஒரு வர்ணக் கண்ணாடிக்கு மறைந்திருக்கும் பூச்சு இன்னொன்றுக்குத் தெரியவரும். மார்ச்சுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது, அதையும் வாலஸ் பீரி என்பவரோடு பங்கிட்டுக்கொண்டார். அது நியாயமான பரிசுதான். இருந்தாலும் அதில் ஒரு பங்கு அந்தக் கண்ணாடிகளையும் சேரும்.

அசோகனுக்கு அப்படிப்பட்ட கண்ணாடி எதுவும் கொடுக்கப்படவில்லை. அதைவிடப் பெரிய இடைஞ்சல், கதையிலேயே அவருக்குப் பைத்தியம் கொடுக்கப்படவில்லை என்பதே. மின்னலின் சக்தியைச் சேமித்து வைக்கும் வழியைக் கண்டுபிடித்த முருகன் என்ற விஞ்ஞானி, அது யுத்தத்துக்குப் பயன்பட்டுவிடுமோ என்று அஞ்சி ரகசியத்தை உலகுக்குத் தர மறுக்கிறான். அந்த ரகசியத்தை எப்பாடுபட்டேனும் கைப்பற்றிக் காசாக்கத் துடிப்பவன் பைரவன். விலைக்குக் கேட்கிறான், கிடைக்கவில்லை; ஆயுதத்தை எடுக்கிறான். அதன் விளைவாகச் சித்தம் கலங்கிப் போவது யார் என்று பாருங்கள்: உலக நன்மையை நினைத்த முருகனே புத்தி பேதலித்து நிற்கிறான், பைரவனோ படம் முடியும் வரையில் வட்டிக் கணக்குப் பார்ப்பவனைப்போல் முழு நிதானத்தோடு இருக்கிறான். மேல்நாட்டில் விஞ்ஞானியின் பைத்தியம் அவன் செய்த பாபத்துக்குக் கூலி. நம் படத்தில் அது நல்லவன் தலையில் விழுந்த அநியாயம். தமிழ்த் திரையின் துஷ்ட விஞ்ஞானி உள்ளபடியே ஒரு வியாபாரி. இது என் அபிப்பிராயம் மட்டுமன்று, பின்னால் வந்த படங்களும் இதற்குச் சாட்சி சொல்லும்.

வியாபாரியை நடித்துக் காட்டிச் சபையை நடுங்கவைப்பது எளிதான காரியமா? பேராசை என்பது மேடையில் சீக்கிரம் சலித்துப் போகிற ரசம். அசோகன் அந்தக் குறையைத் தம் குரலைக் கொண்டு நிரப்பினார். திருச்சியில் பிறந்து, அங்கே செயிண்ட் ஜோசப் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, ஆண்டனி என்ற பெயர் அசோகன் ஆகித் திரைக்கு வந்த அவருக்கு, வசனத்தைப் பல்லிடுக்கில் பிடித்து நிறுத்தி, ஓர் உயிரெழுத்தை இழுத்துக்கொண்டே போய், கேட்பவன் “இதோ முடிந்தது” என்று நினைக்கிற இடத்தையும் தாண்டி, பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி முடிக்கிற ஒரு பாணி உண்டு. சடுகுடு ஆட்டத்தில் பாடிப் போகிறவன் மூச்சை விடாமல் எதிர்க்கட்டத்தின் ஆழம் வரை சென்று, அவன் திரும்புவானா மாட்டானா என்று இரு கட்சியாரும் தவிக்கிற அந்தக் கணத்தையே அவருடைய வசனங்கள் நினைவூட்டும். பைரவன் பேசும்போது நாம் வார்த்தையைக் கேட்பதில்லை. அந்த மூச்சு எங்கே உடையும் என்று காத்திருக்கிறோம். கதை கொடுக்காத வெறியை அந்தக் காத்திருப்பு கொடுத்துவிடுகிறது. அதற்கும் அடியில் இன்னொன்றை நான் கேட்கிறேன்: தன்னால் கண்டுபிடிக்க முடியாததை இன்னொருவன் கண்டுபிடித்துவிட்டானே என்ற புழுக்கம். எழுதப்பட்ட கதையில் அதற்கு இடம் குறைவு. அது நடிகர் தாமாகக் கொண்டுவந்து வைத்த சொத்து என்றே கருதுகிறேன்.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு பிற்காலத்துப் பலகுரல் மேடைகளில் சிரிப்புக் காட்டினார்கள், இன்றும் காட்டுகிறார்கள். இளம் ரசிகர்கள் பலருக்கு அசோகன் என்றால் அந்த இழுவைதான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். 1964-ல் ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசன் எதிரே துரியோதனனாக நின்று, அந்தச் சிம்ம கர்ஜனைக்கு ஈடு கொடுத்துப் பேசிய நடிகர், குரலை எங்கே இழுப்பது, எங்கே அடக்குவது என்று தெரியாமல் இழுத்தார் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். அதே நடிகர் எதிர்த்து நிற்பவரின் தன்மைக்கு ஏற்பத் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். சிவாஜி வேகமாகப் பாய்கிறவர், ஆகையால் அங்கே இவரும் பாய்ந்தார், எம்.ஜி.ஆர். அளந்து பேசுகிறவர், ஆகையால் இங்கே இவர் இழுத்தார். இரண்டு குரலும் ஒரே நிதானத்தில் போனால் காட்சி படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உடலைக் கொண்டு எதிர்த்து நின்றதற்கு உதாரணம் வேண்டுமானால், 1969-ல் வந்த ‘அடிமைப் பெண்’ணில் விரித்துக் கட்டிய வலையின் மேல் நடக்கும் அந்தச் சண்டையைச் சொல்வேன். அசோகனின் செங்கோடன் ஒற்றைக் கால் வேந்தன். அவனோடு சமமாக மோத வேண்டும் என்பதற்காக எம்.ஜி.ஆர். தம் காலொன்றைக் கட்டிக்கொண்டு வலையில் இறங்குகிறார். கீழே ஈட்டிகள் நிமிர்ந்து நிற்க, ஒவ்வோர் அடிக்கும் வலை அமிழ்ந்து எழும்ப, ஒற்றைக் காலில் எடை முழுவதையும் தாங்கிக்கொண்டு, பிடி நழுவாமலும் முகத்தில் கர்வம் குறையாமலும் நிற்பது எத்தனை பெரிய சிரமம் என்பதை விளையாட்டுப் பயிற்சி உள்ளவர்கள் அறிவார்கள். சம பலமில்லாத சண்டையில் நாயகனுக்குப் புகழ் இல்லை என்ற பழைய யுத்த தர்மம் அந்தக் காட்சியில் விளங்குகிறது. அந்தச் சம பலத்தை நம்பவைத்த பெருமை எதிராளிக்கே உரியது.

‘உலகம் சுற்றும் வாலிப’னின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘நாடோடி மன்ன’னுக்குப் பிறகு எம்.ஜி.ஆர். இரண்டாவதாக டைரக்ட் செய்த படம் இது. 1970-ல் ஜப்பானின் ஒஸாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சியும், கீழ்த்திசை நாடுகளின் வீதிகளும், எம். எஸ். விஸ்வநாதனின் பாட்டுகளும் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்வதால், பைரவன் நெடுநேரம் களத்துக்கு வெளியே உட்கார்த்தி வைக்கப்படுகிறான். அவனுடைய சோதனைச் சாலையில் அவன் ஓர் ஆராய்ச்சியாவது செய்வதை நாம் ஆற அமரப் பார்க்கக் கிடைக்கவில்லை. சித்தம் கலங்கிய முருகனாக எம்.ஜி.ஆர். காட்டிய அபிநயம் அடக்கமானது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பேச்சுமறியாமல், நிமிரவுமறியாமல் வளர்ந்த வேங்கையனாக ‘அடிமைப் பெண்’ணில் அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தில் பாதி கூட இங்கே தேவைப்படவில்லை.

விஞ்ஞானியை வியாபாரியாகக் காட்டியதை அன்றைய சபை ஏன் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது என்பதற்கு ஆலங்குளமே ஒரு விளக்கம் தருகிறது. ஒஸாகாவில் கண்காட்சி நடந்த அதே 1970-ல்தான், அப்போது ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இந்த வானம் பார்த்த கரிசல் சீமையில் அரசாங்கச் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. பூமிக்கடியில் கிடந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து, அரைத்து, சுழலும் சூளையில் 1,450 டிகிரி அளவுக்குச் சுட்டு, உருண்டை உருண்டையாக வந்ததை மறுபடியும் பொடியாக்கி மூட்டை கட்டுகிற வித்தையைப் பார்த்த ஜனங்களுக்கு, விஞ்ஞானம் என்பது மாதச் சம்பளமாகவும் கூரைமேல் படிந்த சாம்பல் நிறத் தூசியாகவும் வீட்டுக்குள் வந்த வஸ்து. அதைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் அவர்களுடைய கவலை. ரகசியம் முருகன் கையில் இருந்தால் ஊருக்கு விளக்கு எரியும், பைரவன் கைக்குப் போனால் ஏலத்துக்கு வரும். அந்தக் கதை ஒரு வாக்கியமும் விளக்காமலே விளங்கியது.

மெக்ஸிகோ டாக்டரைப் போன்ற ஒருவரைத் தமிழ்த் திரை பின்னால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ 1989-ல் வந்தது. இறந்தவனை எழுப்பும் மருந்தைக் கண்டுபிடிக்கும் டாக்டராக ஜெய்சங்கரும், எழுப்பப்பட்ட பயங்கரமாக அஜய் ரத்னமும் நடித்தார்கள். நல்லெண்ணமே விபரீதத்தைப் பெறுகிற கதை அது. ஆயினும் 2010-ல் ‘எந்திரன்’ வந்தபோது, டேனி டென்சோங்பா நடித்த போரா மீண்டும் பழைய கடைக்கே போய் உட்கார்ந்துகொண்டார்: அவருக்கும் எந்திர மனிதன் விற்பனைச் சரக்கு.

மீண்டும் அசோகனிடமே வருகிறேன். 1968-ல் வந்த ‘உயர்ந்த மனித’னில் சிவாஜியின் நண்பர் டாக்டர் கோபாலாக அசோகன் வருகிறார். இழுவை இல்லை, பல்லைக் கடிப்பதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிநேகிதனை இடித்துரைக்கிற உரிமையும், மனத்தில் சுமக்கிற பாரமும் அந்தக் குரலில் ஒருங்கே கேட்கும். வைத்தியனின் கருணையை அவ்வளவு இயல்பாகக் காட்டத் தெரிந்தவரும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பைரவனின் வெறியை மூச்சிலேயே காட்டத் தெரிந்தவரும் ஒரே மனிதர். இரண்டையும் ஒரு முகத்தில் வைத்து, நல்லது செய்யப் புறப்பட்டுத் தன் மகனையே பலி கொடுக்கிற ஒரு டாக்டரை அவருக்காக எழுத 1982-ல் அவர் காலமாகும் வரையில் யாருக்கும் தோன்றவில்லை. பார்க்க நேரம் உள்ளவர்கள் முதலில் டாக்டர் கோபாலைப் பார்த்துவிட்டு, மறுநாள் பைரவனைப் பாருங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் அவர் எத்தனை தூரம் ஓடி வந்து அந்த ஆட்டத்தை ஆடினார் என்பது கண்ணுக்குத் தெரியும்.