காத்திருப்பவர் மாறும்போது: மஹ்பூஸின் கெய்ரோ நாவல்கள், இரண்டாம் முறை

நஜீப் மஹ்பூஸின் கெய்ரோ நாவல்களை நான் முதலில் வாசித்தது கெம்பஸ் காலத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பில். 1956, 1957ஆம் ஆண்டுகளில் அரபியில் வெளிவந்த 'பைனுல் கஸ்ரைன்', 'கஸ்ருஷ் ஷவ்க்', 'அஸ்ஸுக்கரிய்யா' மூன்றும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். மூன்றுமே பழைய கெய்ரோவின் தெருப் பெயர்கள். 1988இல் நோபல் பரிசு பெற்றவர் என்ற மரியாதையில்தான் கையில் எடுத்தேன். முடித்தபோது மிஞ்சியது கோபம். ஒரு முஸ்லிம் வீட்டு வாப்பாவை இப்படியா உலகத்துக்குக் காட்டுவது?

வியாபாரி அஹ்மத் அப்துல் ஜவாத் வீட்டுக்குள் தொழுகையும் கண்டிப்புமானவர். இரவானால் வெளியே பாட்டு, மது, பெண்கள். மனைவி ஆமினா வாசல் தாண்டக் கூடாது. அவர் ஊரில் இல்லாத ஒரு நாள் அவள் ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போகிறாள். வழியில் கார் மோதித் தோளெலும்பு முறிகிறது. எலும்பு பொருந்தும் வரை பொறுத்திருந்துவிட்டு, அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அவர் நயவஞ்சகர், அவள் வாயில்லாப் பூச்சி. என் தீர்ப்பு அவ்வளவுதான்.

போன மூன்றாம் தவணை விடுமுறையில் மறுபடி வாசித்தேன். இப்போது நானும் வாப்பா. என் மோட்டார் சைக்கிள் கேட்டுக்குள் நுழையும் சத்தத்தோடு பிள்ளைகளின் பேச்சு நின்றுபோவதை மரியாதை என்றே எண்ணியிருந்தேன். அஹ்மதும் அப்படித்தான் எண்ணுகிறார்.

முதல் தடவை நான் கவனிக்காதது, மஹ்பூஸ் இவரை எங்குமே ஏசவில்லை என்பது. 1919 போராட்டத்தில் மகன் பஹ்மி துண்டுப்பிரசுரம் விநியோகிப்பது தெரியவந்து, இனிச் செய்வதில்லை என்று குர்ஆனில் சத்தியம் செய்யச் சொல்கிறார். மகன் மறுக்கிறான். அன்று அதில் மகனின் துணிச்சல் மட்டுமே எனக்குத் தெரிந்தது. போராட்டத்துக்குப் பணம் கொடுத்தவரும் இதே வாப்பாதான் என்பதை இப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். ஊரார் பிள்ளைகள் போராடலாம், தன் பிள்ளை கூடாது. இந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். பிறகு, அனுமதி பெற்று நடந்த ஓர் ஊர்வலத்தில் பஹ்மி சுடப்படுகிறான். மௌத்துச் செய்தி கடைக்கு வருகிறது. ஆமினாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தபடி வீடு திரும்புகிறவருக்கு உள்ளே சின்ன மகன் கமால் பாடுவது கேட்கிறது. முதல் நாவல் அந்த இடத்தில் முடிகிறது. அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லை.

ஆமினாவைத்தான் நான் மிகவும் பிழையாக வாசித்திருந்தேன். முதல் நாவல் தொடங்குவதே நள்ளிரவில் அவள் விழிப்பதோடுதான். மரப்பின்னல் அடைத்த மஷ்ரபிய்யா மாடத்தின் துளைகளால் தெருவைப் பார்த்தபடி கணவனுக்காகக் காத்திருக்கிறாள்; அவர் வந்ததும் படியில் விளக்குப் பிடிக்கிறாள். மூன்றாம் நாவலில் அவர் நோயாளி. கடையும் இல்லை, கூட்டாளிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்போது ஆமினா தினமும் ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறாள். மாடத்தில் குந்தியிருந்து அவள் வரும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். மஹ்பூஸ் இதற்கு ஒரு விளக்கமும் சொல்வதில்லை. ஆயிரத்துச் சொச்சம் பக்கம் தேவைப்பட்டது இதற்குத்தான் என்று பட்டது. சிறுகதையில் இந்த இடமாற்றம் வெறும் திருப்பமாகிவிடும். இங்கே இருபத்தைந்து வருடங்களை அவர்களோடு நாமும் கழித்திருக்கிறோம். அதனால் பழிவாங்கிய திருப்தி வரவில்லை, இரக்கம்தான் வந்தது.

குறை இல்லாமலில்லை. இரண்டாம் நாவலில் ஆயிதா மீது கமால் கொள்ளும் காதலின் நீண்ட புலம்பல் இந்த முறையும் அலுத்தது.

ஆனால் என் பழைய கோபத்துக்கு இப்போது இடமில்லை. அவர் நமது வீட்டைப் பிறருக்குக் காட்டிக்கொடுத்தார் என்று அன்று நினைத்தேன். என் வீட்டில் நான் பார்க்காததை எனக்கே காட்டியிருக்கிறார். பாதியில் மூடிவைத்தவர்கள் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆமினாவின் அந்த விளக்கை மட்டும் மறந்துவிடாமல் மூன்றாம் நாவல் வரை போங்கள்.