நாடறிந்த பாட்டும் நகராத பாணியும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஓக்லண்ட், வலேஹோ ஆகிய நகரங்களில் 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் வளர்ந்த 'ஹைஃபி' என்னும் ஹிப்-ஹாப் பாணி, கட்டற்ற உற்சாகத்தையும் உடலை உலுக்கும் ஆட்டத்தையும் உயிராகக் கொண்டது. அதை அமெரிக்கா முழுவதும் அறியச் செய்தது, வலேஹோவின் ராப் பாடகர் ஈ-40 ஓக்லண்டின் கீக் டா ஸ்னீக்குடன் இணைந்து 2006-இல் வெளியிட்ட 'டெல் மீ வென் டு கோ' என்னும் பாடலாகும்.

பாடலின் வலிமை அதன் சிக்கனத்தில் இருக்கிறது. ரன்-டிஎம்சி குழுவின் 'டம்ப் கேர்ள்' பாடலிலிருந்து எடுத்த ஒலித்துண்டையும் கனத்த தாள அடிகளையும் தவிர இசையமைப்பாளர் லில் ஜான் அதிகம் எதையும் சேர்க்கவில்லை. அந்த வெற்றிடத்தில், சொற்களை நெருக்கியும் நீட்டியும் தாளத்தை மீறுவதுபோல் சென்று உரிய அடியில் வந்து சேரும் ஈ-40-இன் ராப் முறை முழு வீச்சுடன் வெளிப்படுகிறது. வேறெந்த ஊரின் குரலோடும் குழப்பிக்கொள்ள முடியாத அந்த நடைதான் பாடலின் உண்மையான சாதனை. கீக் டா ஸ்னீக்கின் கரகரத்த குரல் அதற்குச் சரியான துணை.

ஆயினும், லில் ஜான் அட்லாண்டாவின் 'கிரங்க்' பாணியை, அதாவது கூச்சலும் கனத்த பாஸ் ஒலியும் கலந்த தென்மாநில இசையை, வளர்த்தவர் என்பதால், ரிக் ராக் போன்ற விரிகுடா இசையமைப்பாளர்களின் துள்ளும் சின்தசைசர் ஒலிகளுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. வரிகளும் பெரிய கறுப்புக் கண்ணாடி, கார் விளையாட்டு என அடையாளங்களை அடுக்குகின்றனவே தவிர, 2004-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஹைஃபி முன்னோடி மேக் ட்ரேயின் பாடல்களில் இருந்த குறும்பை எட்டவில்லை. அடையாளங்கள் மட்டும் பரவியதன் விளைவு கொடியது: நகரும் காரிலிருந்து ஓட்டுநர் இறங்கி அதன் அருகிலோ மேலேறியோ ஆடும் 'கோஸ்ட் ரைடிங்' வழக்கத்தைப் பிற ஊர் இளைஞர்கள் பின்பற்றியபோது உயிர்கள் போயின.

பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இப்பாடல் 35-ஆம் இடத்தோடு நின்றது; இது இடம்பெற்ற இசைத்தொகுப்பிலிருந்தே வந்த, பாடகர் டி-பெயினின் இனிய பல்லவியைக் கொண்ட, ஹைஃபிச் சாயல் குறைந்த 'யூ அண்ட் தட்' 13-ஆம் இடத்தை எட்டியது. தேசியச் சந்தை ஈ-40-ஐ ஏற்றுக்கொண்ட அளவுக்கு அவருடைய ஊர்ப் பாணியை ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பின்னர் அந்தப் பாணியின் பயனும் வெளியூருக்கே போயிற்று: விரிகுடாவின் தாளத்தை உள்வாங்கி, 2011-இல் வெளியான 'ரேக் சிட்டி' பாடல் வழியே பெருவெற்றி கண்ட இசையமைப்பாளர் டிஜே மஸ்டர்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தவர்.