ஊனக்கண்ணும் ஞானக்கண்ணும்

அகக்கண் திறத்தல் என்னுந் தொடர் இக்காலத்துச் சமயச் சொற்பொழிவுகளினுஞ் சிறு நூல்களினும் பெரிதும் பயின்று வருகின்றது. அதனை வழங்குவார் கருத்து யாதெனின், மக்கள் ஒவ்வொருவர்க்கும் நெற்றி நடுவே மறைந்ததோர் கண் உளது. அது மூச்சினை அடக்கியும் நினைவினை ஒருமுகப்படுத்தியும் முயல்வார்க்குத் திறக்கும். திறந்தவழி அவர் தம்மாற்றலானே மெய்ப்பொருளைக் காண்பர். சிவபெருமானுடைய நெற்றிக்கண் இதனையே குறிப்பாற் காட்டுவது என்பதாம். அவருட் சிலர் மூளையின் நடுவேயுள்ள கூம்புச் சுரப்பியே அக்கண் எனவுந் துணிவர். இத்துணிபு நம் சித்தாந்த நூல்களினின்றும் வந்ததன்று. கூம்புச் சுரப்பியினையும் மூன்றாங் கண்ணினையும் இயைத்துப் பேசும் வழக்கினை, 1888-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளவாட்ஸ்கி அம்மையாரது பெருநூலிற் காணலாம். அச்சுரப்பி இருட்பொழுதில் மிகுதியாகச் சுரந்து உறக்கத்தின் கால வரையறைக்குத் துணைசெய்வது என்பது இக்கால உடனூலார் கண்ட முடிபு. உறக்கத்திற்குத் துணையாவதனை விழிப்பிற்குக் கருவி என்றல் வியப்பேயாம்.

அது நிற்க. அகக்கண், ஞானக்கண் என்னுஞ் சொற்களை நாமும் வழங்குகின்றோம். அச்சொற்கள் நமக்கு உரியனவே. ஆயினும் மெய்கண்ட நூல்கள் கண்ணினை எடுத்தோதும் இடங்களை ஊன்றி நோக்குவார்க்கு, அவை மேற்கூறிய கொள்கைக்கு முற்றும் மாறாயதொன்றனையே நிறுவுதல் புலனாம். இதனை வெறுஞ் சொல்வேறுபாடு என்று ஒழிதற்கில்லை. கண் தானே திறந்து தானே காணுமாயின், கண்டபின் தொழுதற்கு யாது காரணம்? இவ்வினாவிற்கு விடையிறாத கொள்கை எதுவாயினும் அது சைவமாகாது.

முதற்கட் சொல்லினை ஆராய்வாம். சிவஞானபோதத்து 9-ஆஞ் சூத்திரத்தில் ஊனக்கண், ஞானக்கண் என்னும் இரண்டும் ஒருங்கு நிற்கின்றன. ஊனக்கண் என்பதற்குத் தசையாலாகிய முகக்கண் என்று பொருள்கொண்டு, அதற்கு மறுதலையாக மனக்கண்ணினை ஞானக்கண் என்பார் பலர். ஊனம் என்பது குறை. அதன் ஈற்று மகரங்கெட்டு வலிமிக்கு ஊனக்கண் என முடிந்தது. ஊன் என்னுஞ் சொல்லே ஈண்டு நின்றதெனின், இடையே அகரம் வந்ததற்குக் காரணங் கூறுதல் வேண்டும். இனி, உரை செல்லும் நெறியும் இதற்கே இயைந்துளது. 1785-இல் இறைவன் திருவடி அடைந்த திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகள், அப்பகுதிக்குப் பசுஞான பாசஞானங்களான் அறியப்படாத முதல்வன் என்னும் பொருள்பட உரைசெய்தருளினார். பாசஞானமாவது கருவிகளின்வழியும் நூல்களின்வழியும் வருவது. பசுஞானமாவது உயிர் தன்னையே தலைமைப் பொருளாக எண்ணி நிற்கும் அறிவு. ஆகவே முகக்கண் மாத்திரமேயன்றி, மனக்கண் என்று நாம் உயர்த்துப் பேசுவதும் ஊனக்கண்ணுள் அடங்கிற்று. நெற்றி நடுவே யான் திறந்தேன், யான் கண்டேன் என்று ஒருவன் கூறுவானாயின், அவன் கூறியது பசுஞானத்தின் இலக்கணமேயன்றிப் பிறிதன்று. அங்ஙனமாயின் ஞானக்கண் யாருடையது? முதல்வனுடையது என்பதே யோகிகள் உரையிற் போந்த பொருள். அவனது ஞானமே கண்ணாகக்கொண்டு, தன்னறிவின்கண்ணே அவனை நாடுதல் என்க. உயிரினிடத்தே புதியதோர் உறுப்பு முளைத்தல் அங்கு ஓதப்படவில்லை.

இனி 11-ஆஞ் சூத்திரத்திற்கு வருவாம். என் கருத்தில் இந்நூலின் கண்ணுவமைகள் அனைத்தினும் நுண்ணியது இதுவே. விரைந்து படிப்பார் கைவிட்டுச் செல்வதும் இதுவே. ஞாயிறு தோன்றி இருளை நீக்கிக் கண்ணுக்குப் பொருள்களைக் காட்டுகின்றது என்பது எவரும் அறிந்த உவமை. அதன்வழிப் பெறப்படுவது காட்டும் உபகாரம். ஆனால் ஆசிரியர் இவ்விடத்து ஞாயிற்றினை விடுத்து உயிரினை உவமை கூறினார். ஏன்? ஞாயிறு எறிந்த பகற்போதினும் கண் தானே காண்பதில்லை. ஒருவன் வேறொன்றனை ஆழ எண்ணியிருப்புழி, கண் திறந்திருக்கவும், எதிரே வந்து நின்ற நண்பனை அவன் காணாமை நாம் நாளும் அறிவதே. கண் ஆண்டு உளது, ஒளி உளது, பொருளும் உளது, காட்சி மட்டும் நிகழ்ந்திலது. உயிர் அக்கண்ணோடு ஒன்றித் தானும் உடன் காணுமிடத்தே காட்சி நிகழும். அதுபோல, முதல்வன் மலவிருளை நீக்கி நிற்றலோடமையாது, உயிரோடு ஒன்றித் தானும் உடன் கண்டு அதனைக் காணச் செய்கின்றான். இதனையே காணும் உபகாரம் என்பர். காட்டும் உபகாரத்தை மாத்திரமே உடன்பட்டால், விளக்கினை ஏற்றி வைத்துப் புறம்போந்த பணியாளனை ஒப்பன் இறைவன். அதன்பின் உயிர் தானே பார்த்துக்கொள்ளும். அஃதன்று நம் ஆசிரியர் கொள்கை. ஒவ்வொரு காட்சியினும் அவன் உடன் நிற்கின்றான். கண் தன்னையுங் காணாது, தன்னைக் காணச்செய்யும் உயிரினையுங் காணாது, புறத்ததனையே கண்டு நிற்றல்போல, உயிரும் இத்துணைக் காலமும் உலகினையே கண்டு நின்றது. இவ்வுதவியினை உணர்ந்தவழி எழுவதே அயர்ச்சியில்லாத அன்பு. அவ்வன்பினாலேயே திருவடி கூடுதல் நிகழும் என்று சூத்திரம் முடிந்தது. மேலே யாம் எழுப்பிய வினாவிற்கு விடை இதன்கண்ணே அமைந்துளது.

அற்றேல், உயிர் சடமாயிற்றன்றோ, முதல்வனே காண்பானாயின் உயிர் காண்டற்கு யாதுளது என்று தடை நிகழ்த்துவார்க்குக் கூறுவாம். ஞாயிறு சுவரின்மேலும் எறிக்கின்றது, சுவர் காண்பதில்லை. காணுந்தன்மை கண்ணுக்கே உளது. ஆயினும் அது பிறிதொன்றன் துணையாலன்றி விளங்காது. உமாபதி சிவனார் திருவருட்பயனின் உயிரவை நிலையில், இருளோடு கூடி இருளாயும் ஒளியோடு கூடி ஒளியாயும் நிற்கும் பொருள் உலகில் இல்லையோ என்று வினாவுமுகத்தான் உணர்த்தியதும் இதுவே. அவ்வதிகாரத்திலேயே கூகையின் கண்ணினையும் உவமை கூறினார். பகலொளி நிறைந்திருந்தும் அதனை அது இருளாகவே கொள்ளும். ஒளி இல்லாமை அன்று குறை. அதனை ஒளியென ஏலாமையே குறை. (கூகை பகலிற் சிறிதுங் காணாதென்பது முற்றும் உண்மையன்று என்று உயிர்நூலார் கூறுவர். உவமையில் உலகவழக்கே கொள்ளப்படும் என்க.)

ஏலாமைக்குக் காரணம் ஆணவமலம். அதனைக் கண்ணிற் படர்ந்த படலத்தோடு ஒப்பிடுதல் ஆகம நெறிப்பட்ட ஆசிரியர்க்குத் தொன்றுதொட்ட வழக்கு. அவ்வுவமையால் அவர் நிறுவக் கருதியது இது: மலம் வெறும் அறியாமையன்று, ஒரு பொருள். பொருளாகலின் அறிவினால் நீங்காது, செயலினாலேயே நீங்கும். கண்ணிற் படலம் உளதென்று அறிந்த துணையானே படலம் அகலுமோ? யானும் அண்மையில் மருத்துவர் கையாற் படலம் நீங்கப்பெற்றவன். என் கண்ணின் நோயினை முன்னரே நன்கறிந்திருந்தேன், நூல்களையும் புரட்டினேன், அவ்வறிவு எழுத்தொன்றனையேனும் எனக்குக் காட்டிற்றில்லை. மருத்துவன் செயல்போல்வது தீக்கை. ஆயினும் இவ்வுவமையினை எல்லைகடந்து நீட்டலாகாது. படலம் முற்றும் எடுத்தெறியப்படுவது. சித்தாந்தத்திலோ வீட்டுநிலையினும் மலம் தன் சத்தி மடங்கிக் கிடத்தலன்றி இல்பொருளாதல் இல்லை. அதனாலேயே நம் ஆசிரியர்கள் ஞாயிற்றின்முன் இருளினையும், குளிகைமுன் செம்பின் களிம்பினையும் வேறாகவுங் கூறி இப்பொருளை நிரப்பினர். உவமை ஒருபுடை ஒப்பதே என்பதை மறந்தவர், ஓருவமையினையே பற்றிக்கொண்டு பிறவற்றை மறுக்கத் தலைப்படுவர்.

தீக்கையின் வகையுள் நயனத் தீக்கை என்பதொன்று. மீன் தன் கண்ணோக்கினாற் சினையினைப் பொரிக்கும் என்னும் பழவழக்கினை அதற்கு உவமை காட்டுவர். ஈண்டு ஒன்றனை நோக்குக. அதன்கண் திறப்பது மாணாக்கன் கண்ணன்று, ஆசிரியன் கண். மாணாக்கன் நோக்கப்படுகின்றான். காண்பானாதற்கு முன்னர்க் காணப்படுவானாதல் வேண்டும் என்னும் இம்முறை, அகக்கண் திறப்பிப்போம் என்று பறையறைவார் நூல்களுள் ஓரிடத்தேனும் காணப்பட்டிலது.

நெற்றிக்கண்ணினைப்பற்றி ஒரு சொல். இறைவன் கண்கள் மூன்றினையும் ஞாயிறு, திங்கள், தீ என்ப. அவை உலகிற்கு ஒளியாவன. திருக்குறுக்கையிற் காமனை எரித்தது அந்நெற்றிக்கண். பிறர் காணாததனைக் காண்டற்கென்று அவனுக்கு மூன்றாவதோர் கண் வேண்டுவதில்லை. புருவ நடுவினை யோக நூல்களுந் திருமந்திரமும் பேசுதல் உண்மையே. யாம் அதனை மறுத்திலேம். ஆனால் யோகம் நாற்பாதத்துள் மூன்றாவது; அதன் பயன் சாரூபம். அதனை நான்காவதாகிய ஞானத்தின் இடத்தே வைத்தல் பாதக்கலப்பு.

இத்துணையும் நூல்வழக்கு. இதனை அடியார் வரலாற்றில் வைத்துக் காண்டல் இன்பந்தருவது. கண்ணப்பர் வரலாறு கூறுவார் பெரும்பாலும் கண்ணப்பரையே நோக்குவர். யானோ சிவகோசரியாரை நோக்குகின்றேன். அவர் ஆகமநெறி வழுவாத முனிவர். திருக்காளத்தியில் நாடோறும் வந்து பார்த்தபொழுது அவர் கண்ணிற் பட்டவை இறைச்சியும் எலும்புமே. உள்ளம் நொந்து, திருவலகிட்டுத் தூய்மை செய்து, நீராடி வந்து வழிபட்டார். மறுநாளும் அதுவே. அவர் கண்டது பொய்யன்று. ஊன் ஆண்டு இருந்ததே. பின்னர் இறைவன் கனவில் தோன்றி, அவ்வேடனுடைய ஒவ்வொரு செயலுந் தனக்கு எத்துணை இனியது என்பதனை அறிவுறுத்தினான். அவ்வளவில் விட்டானல்லன். மறைந்திருந்து பார் என்று பணித்தான். மறுநாள் முனிவர் மறைந்து நின்று கண்டார். அதே முகக்கண், அதே வேடர், செருப்படியும் வாய்நீரும் ஊனும் அவையே. ஆயினும் முன்னாளில் அநுசிதமாகத் தோன்றியது அன்றைக்கு அன்பாகத் தோன்றிற்று. முனிவர்க்கு நெற்றியிற் கண் எழுந்ததென்று சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர்; அவர் மூச்சடக்கினார் என்றுங் கூறிற்றிலர். காட்டுவான் காட்டினான், உடனின்று காண்பித்தான். கனவினைக் காட்டும் உபகாரமெனவும் மறுநாட் காட்சியினைக் காணும் உபகாரமெனவும் பொருத்துவாரும் உளராகலாம். அத்துணை நுணுக்கம் வரலாற்றிற்கு வேண்டுவதன்று.

இங்ஙனங் கூறியவாற்றான் முகக்கண் இகழத்தக்கது என்று கொள்ளற்க. அகக்கண்ணினைப் புகழ்வார் புறக்கண்ணினைப் பழித்தல் ஒருதலையாக நிகழ்கின்றது; சைவத்தில் அதற்கு இடமில்லை. திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவர்க்கு உள்ளே திருவடி விளங்கியிருந்தது. அதுகொண்டு அவர் வாளாவிருந்தாரோ எனின், இலர். கமலாலயத் திருக்குளத்தின் கரை தூர்ந்திருக்கக் கண்டவர்கள் கண்ணுடையார். அதனைக் கல்லப் புகுந்தவரோ அவர். குளத்தின் நடுவே ஒரு தறியுங் கரையில் ஒரு தறியும் நாட்டிக் கயிறு பிணித்து, அதனைத் தடவித் தடவி மண்சுமந்தார். புறக்கண் வேண்டும் என்று தமக்காக அவர் கேட்டிலர். அமணர் செருக்கியபொழுது, தம் பெருமானது ஆற்றல் விளங்குதற்பொருட்டே கண்பெற்றெழுந்தார்.

நம்பியாரூரர் வரலாறு வேறு வகைத்து. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளினைக் கடந்து எல்லை நீங்கியவழி அவர் கண்ணொளி இழந்தார். தம்பிரான் தோழர், அகக்கண் உளது, இது போயின் என்னை என்று அமையவில்லை. ஊர்தோறும் நின்று கேட்டார்; உரிமையோடு முரணினார். திருவெண்பாக்கத்திற் கிடைத்தது ஊன்றுகோல், கச்சியேகம்பத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். ஒரு கண்ணோடு காஞ்சியினின்றும் ஆரூர் வரையும் அவர் நடந்தார். கச்சியிலேயே இரண்டினையும் அளித்தல் இறைவற்கு அரிதன்று. பூங்கோயில் அமர்ந்தானை முழுதுங் காண்டற்குரிய கண், அப்பூங்கோயிலிலேயே தரப்பட்டது.