1933 சட்டத்தில் விடுபட்ட இரண்டு

1933-ல் வந்த குழந்தைகள் (உழைப்பு அடகு) சட்டத்தைப் போன வாரம் உட்கார்ந்து படித்தேன். மொத்தமே ஆறு பிரிவுகள்தான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

1929-ல் விட்லி தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கம் அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை, பர்மா வரைக்கும் இருப்பதாகச் சொன்னது. அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம்.

கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் முதலில் வரையறையில் ஓட்டை தேடினேன். நல்லாவே எழுதியிருக்கிறார்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் அடங்கும். வாங்கிய பணம் மட்டுமில்லை, வாங்கப்போகிற பணமும் அடங்கும். பிள்ளைக்குக் கேடில்லாத வேலை, நியாயமான கூலி தவிர வேறு ஆதாயம் இல்லை, ஒரு வார நோட்டீஸில் விலகலாம் என்றால் மட்டும் விலக்கு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வைத்துப் போட்ட மற்ற ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

சரி, மீறினால்? பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம். ஜெயில் கிடையாது.

என் முதல் குறை அதுகூட இல்லை. யார் போய்ப் பார்ப்பது? ஆறு பிரிவிலும் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இல்லை. சரியாக நூறு வருஷம் முன்னாடி, 1833-ல், இங்கிலாந்து தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகப் போட்ட தொழிற்சாலைச் சட்டத்தில் நாலு இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். நாலு பேர் ரொம்பக் கம்மிதான். ஆனாலும் சுற்றிப் பார்க்க ஆள் வேண்டும் என்பது லண்டனுக்குத் தெரிந்தே இருந்தது.

இரண்டாவது, கடன். ஒப்பந்தம் செல்லாது என்கிற சட்டம், வாங்கின முன்பணம் என்ன ஆகும் என்று வாயே திறக்கவில்லை. கடன் நிற்கிற வரை பிள்ளையை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? கொத்தடிமைக் கடன் ஒழிந்தது என்று எழுத 1976 வர வேண்டியிருந்தது. மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு என்பதும் அதில்தான் வந்தது.

பென்னாகரம் பக்கம் என்கூட ஆறாவது படித்தவன் ஒருத்தன் அரைப் பரீட்சைக்கு வரவில்லை. பெங்களூரில் ஒரு டீக்கடை, அப்பா வாங்கின அட்வான்ஸுக்கு. அப்போ 1976 சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. எங்க தெருவுக்கு எந்தக் குழுவும் வந்ததா ஞாபகம் இல்லை. மூணு வருஷம் கழிச்சு அவங்க அப்பா ஆடு வித்து, மீதிக் கடனைக் கட்டிட்டுத்தான் அவனைக் கூட்டிட்டு வந்தார்.