யாரென்று சொல்லாத கதை

பூமணியின் 'வெக்கை' நாவலை நீங்கள் படித்திருக்காவிட்டாலும் கதை தெரிந்திருக்கும். 2019-ல் வெற்றிமாறன் அதை 'அசுரன்' என்று எடுத்து, தனுஷுக்குத் தேசிய விருதெல்லாம் கிடைத்துவிட்டது. 'அதான் படம் பார்த்தாச்சே' என்று புத்தகத்தைத் தள்ளி வைத்தவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

1982-ல் வந்த மெலிசான நாவல். சிதம்பரம் கரிசல் காட்டுப் பையன், பதினைந்து வயசு. அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிடலாம் என்றுதான் போகிறான். ஆள் செத்தே போகிறான். அப்புறம் அய்யாவும் மகனும் காடு, மலை என்று ஒளிந்து திரிந்துவிட்டுக் கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். அவ்வளவுதான்.

படத்தில் அப்பாதான் ஹீரோ. நாவலில் நாம் பையனோடேயே நடக்கிறோம். எங்கே தண்ணி கிடைக்கும், எதைத் தின்னலாம், எங்கே பயமில்லாமல் படுக்கலாம் என்று அய்யாவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். ஒரு கொலை செய்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு அப்பா முழுசாகக் கிடைக்கிறார். கொலையைவிட இதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960) உலகமே கொண்டாடிய நாவல். அதிலும் ஒரு குழந்தை, ஒரு அப்பா, ஒரு கோர்ட். ஆனால் ஸ்கவுட் வெள்ளைக்கார வக்கீலின் மகள். ஒரு கறுப்பருக்கு நடக்கும் அநியாயத்தைக் கோர்ட் மாடியில் உட்கார்ந்து பார்க்கிறாள். சிதம்பரத்துக்கு மாடி கிடையாது.

இன்னொன்று. யார் என்ன சாதி என்று பூமணி சொல்வதே இல்லை. ஆனாலும் நம் மனசு சும்மா இருக்கிறதா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கமோ வேலை கிடைத்து, வாடகைக்கு ரூம் தேடி அலைந்த தென்மாவட்டத்துப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். நேராகச் சாதி கேட்கிறவர்கள் குறைவு. 'எந்த ஊர் தம்பி? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?' மூணு கேள்வி போதும், கணக்கு முடிந்துவிடும். அதே மூணு கேள்வியோடுதான் நாமும் இந்த நாவலுக்குள் நுழைகிறோம்.

சாதியைச் சொல்லாதது நழுவல் என்று ஒரு குறை சொல்லலாம். சாதாரணப் பழிவாங்கும் கதையாகப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டுப் போகவும் அது இடம் கொடுக்கிறது. நியாயமான குறைதான். ஆனால் பெயர் போட்டிருந்தால், 'ஓ, இது அவங்க பிரச்னை' என்று நம்மில் பாதிப்பேர் நிம்மதியாகியிருப்போம். பெயர் இல்லாததால் அந்த நிம்மதி கிடைப்பதில்லை. அண்ணனை இழந்த ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் எதிரே நிற்கிறான். அவனுக்கு என்ன தீர்ப்பு என்று பூமணி எழுதவில்லை.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வருவதற்குள் முக்கால்வாசி படித்துவிடலாம். படிக்கும்போது 'இவங்க யாரா இருக்கும்?' என்று எந்தப் பக்கத்தில் யோசிக்க ஆரம்பித்தீர்கள் என்பதை மட்டும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.