காளி இறந்தானா? – ‘மாதொருபாகன்’ முடிவும் அதன் இரு தொடர்ச்சிகளும்

சார்லஸ் டிக்கன்ஸ் 1870இல் மறைந்தபோது, ‘எட்வின் ட்ரூடின் மர்மம்’ பன்னிரண்டு பகுதிகளுள் ஆறோடு நின்றது. எட்வின் கொல்லப்பட்டானா, எங்கேனும் உயிரோடு இருக்கிறானா என்னும் வினாவுக்கு, எஞ்சிய பக்கங்களில் தடயம் தேடுவது அன்றுமுதல் ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. கொங்கு நாவலுலகில் ஏறத்தாழ இதே வினாவை எழுப்பியது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010). ஆயின் அது குறைநாவல் அன்று. முடிவைத் திறந்துவைத்த நாவல். அதன் ஆசிரியரே பின்னர் இரு விடைகளை எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் உயிரோடிருக்கிறான்.

பூவரசின் நிழலில் தொடங்கும் ‘மாதொருபாகன்’ பூவரசின் கிளைகளில் வந்து நிற்கிறது. குழந்தைப்பேறு வேண்டித் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளுக்குப் பொன்னா சென்றுவிட்டாள் என்பதை அறிந்து, காளி தன் தொண்டுப்பட்டிக்குத் திரும்புகிறான். இந்த இறுதிக் காட்சியின் அழுத்தமே, அவன் தூக்கிட்டுக்கொண்டானா என்னும் வினாவை முதன்மையாக்கிற்று. இவ்வினா பிழையன்று, ஆனால் போதாதது.

டிக்கன்ஸ் நாவலில் நிகழ்ந்தது இன்னதென வாசகர் அறியார். இங்கு நிலைமை வேறு. காளி இசையவில்லை என்பது வாசகருக்குத் தெரியும், பொன்னாவுக்குத் தெரியாது. கணவன் ஒப்புக்கொண்டான் என்று அண்ணன் முத்து கூறியதை நம்பியே அவள் மலைக்குப் போகிறாள். எனவே நாவல் நிறுத்திவைத்திருக்கும் மெய்யான முடிச்சு, காளியின் உயிரைப் பற்றியதன்று. உண்மை தெரியவரும் கணத்தில் பொன்னா என்னவாவாள் என்பதே. காளி பிழைத்தாலும் மாண்டாலும் அக்கணம் தவிர்க்க முடியாதது. ஒரே நாவலுக்கு இரண்டு தொடர்ச்சிகள் இயன்றமைக்கும் இதுவே அடிப்படை.

தலைப்புகளும் நோக்கத்தக்கன. மூன்றும் சிவன் பெயர்கள். இருவரும் உயிரோடிருந்தும் பேச்சற்றுப் பிரிந்து கிடக்கும் கதைக்கே, உடலைப் பாதியாய்ப் பகிர்ந்த இறைவனின் பெயர் வாய்த்திருக்கிறது. ‘ஆலவாயன்’ மதுரை இறைவன். மதுரையோ மீனாட்சியின் ஆட்சி என்று மக்கள் கருதும் ஊர். கணவனற்ற பொன்னா மாமியார் சீராயி, தாய் வல்லாயி ஆகியோரின் துணையோடு நிற்கும் கதைக்கு இப்பெயர் பொருந்துவது தற்செயலாகவும் இருக்கலாம். பொருத்தம் என்னவோ வலுவானது.

இணைந்து வாழ்ந்த இருவரின் கதை என்ற அளவில் ‘அர்த்தநாரி’யே முதல் நாவலின் நேர்த்தொடர்ச்சி. எனினும் ‘ஆலவாயன்’ அதனினும் மேலான நாவல். ‘அர்த்தநாரி’யில் பொன்னா காளியின் சினத்துக்கு விடைசொல்லும் நிலையிலிருந்து எளிதில் மீள முடிவதில்லை. ‘ஆலவாயன்’ அவளைத் துக்கத்தோடும், தன்னை இப்படித் தண்டித்துச் சென்றவன் மீதான கோபத்தோடும் ஒருங்கே காட்டுகிறது. வறடி என்ற வசைக்கு விடையாக வயிற்றில் பிள்ளை வளர்கிறது. அந்த விடையைக் கேட்கக் காளி இல்லை.

இவ்விரு நூல்களும் உரிய வாசிப்பைப் பெறவில்லை. 2015 சனவரியில் எழுத்தாளர் தம் எழுத்து இறந்ததாக அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இவற்றுக்கு இடையிலும் பின்பும் நிகழ்ந்த விவாதங்களில் பெரும்பாலானவை பதினான்காம் நாள் இரவைச் சுற்றியே நின்றன. மறுநாள் விடியலில் பொன்னா எந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்பதை அவை கேட்கவில்லை.